பழைய ஆம்ப்ளிஃபயரும் பழுதான குமிழும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ, வேட்டி புடவைகளுக்கு நடுவே பொதிந்து பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இன்றும் நம்மில் பலருடைய வீட்டுக் கூடத்திலோ, கூடத்தில் இடம் பறிபோனபின் பரணிலோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளி நிற முகப்பும், விரலுக்குக் குளிர்ச்சியான அலுமினியக் குமிழ்களும், ஒருவராகத் தூக்க முடியாத கனமும் ஒரு காலத்தில் வீட்டின் அந்தஸ்துக்கே அடையாளமாக விளங்கின. ஒருநாள் அந்த வால்யூம் குமிழைத் திருப்பும்போது, அம்மியில் மணல் சிக்கியதுபோல் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம் எழுகிறது. சில மாதங்களில் இடப்பக்கத்து ஸ்பீக்கர் நினைத்தால் பாடுகிறது, நினைத்தால் மௌனம் சாதிக்கிறது. முகப்பில் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வருகிறது. பிறகு தட்டும் பலிப்பதில்லை. இதைப் பழுது பார்ப்பதா, தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா என்ற விசாரம் அப்போதுதான் வீட்டில் தொடங்குகிறது.

விசாரம் என்று சொல்லும்போதே ஒரு சந்தேகம் எழுகிறது. பெரும்பாலான வீடுகளில் விசாரமே நடப்பதில்லை. கடைக்காரர், "இதற்கெல்லாம் இப்போது பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பழைய சாதனங்களின் பக்தரோ, பழையது எல்லாம் பொன், புதியது எல்லாம் தகரம் என்று அதே வேகத்தில் எதிர்த்தீர்ப்புச் சொல்லுகிறார். இருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை. திறந்து பார்த்தவர்களின் அனுபவமும், இக்கருவிகள் எப்படி இயங்குகின்றன என்ற அறிவும் சேர்ந்தால் இந்தக் கேள்விக்குக் கிடைக்கக்கூடிய பதில் என்ன என்று சாவகாசமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒலிபெருக்கி என்னும் தமிழ்ச் சொல், கல்யாணப் பந்தலில் கட்டும் குழாயையும் அந்தக் குழாய்க்குச் சக்தி ஊட்டும் பெட்டியையும் வேற்றுமையின்றிக் குறித்துவருவதால், குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, ஆம்ப்ளிஃபயர் என்று எல்லாரும் சொல்லுவதையே நானும் சொல்லுகிறேன்.

இந்தப் பெட்டிகளில் இத்தனை குமிழ்கள் எதற்காக வந்தன என்பதைச் சிறிது அறிந்துகொண்டால், அவை பழுதாவதன் பொருளும் விளங்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945இல், இங்கிலாந்தில் ஹெரால்ட் லீக் என்பவர், தாம் செய்த ஆம்ப்ளிஃபயருக்கு 'பாயிண்ட் ஒன்' என்று பெயர் சூட்டினார். ஒலியில் சேரும் சிதைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது என்ற பெருமிதமே அந்தப் பெயரின் கருத்து. இரண்டாண்டுகளுக்குப் பின், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தைப் பார்த்து, தேசம் தேசமாக சங்கீத ரசிகர்கள் தம் வீட்டு மேஜையிலேயே அதைக் கட்டிக்கொண்டார்கள். அதே பத்திரிகையில் 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் எழுதிய ஒரு கட்டுரைதான் பேஸ், டிரெபிள் என்று நாம் இன்று திருப்புகிற இரட்டைக் குமிழ்களின் மூலம். அதன்பின் வந்த எண்ணற்ற ஆம்ப்ளிஃபயர்கள் அந்தச் சுற்றையே பின்பற்றின. பீட்டர் வாக்கரின் 'குவாட் II' 1953இல் வந்தது. இவர்களுடைய காலத்தில் இசைத்தட்டுக்களும் ஒன்றுபோல் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி பதிவு முறை வேறாக இருந்தபடியால், கேட்கிறவரே குமிழைத் திருகிச் சமன் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

'லவுட்னெஸ்' என்று எழுதிய அந்த மர்மமான பொத்தானுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒலியைத் தணித்து வைத்துக் கேட்கும்போது மனிதச் செவிக்குக் கீழ் ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப்போகின்றன என்பதை, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டினார்கள். இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறையில் குழந்தை உறங்கும்போது தாழ்ந்த ஒலியில் கச்சேரி கேட்கிறவருக்கு, மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போய் வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்பது இதனால்தான். தூய்மைவாதிகள் சிலர், இத்தகைய குமிழ்களே ஒலிக்குத் துரோகம் என்று சொல்லி, வால்யூம் ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் நீக்கிய ஆம்ப்ளிஃபயரைப் பிரமாதமாகக் கொண்டாடுவார்கள். பழைய பதிவுகளையே பெரிதும் கேட்கிற நமக்கு அந்த வைராக்கியம் ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம்.

வால்வு போய் டிரான்ஸிஸ்டர் வந்த கதையை விரிக்க வேண்டியதில்லை. 1970களில் ஜப்பானியக் கம்பெனிகளுக்குள் வாட் போட்டி மூண்டு, 1978இல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்-1980 என்ற ரிசீவர் பக்கத்துக்கு 270 வாட்டும் ஏறத்தாழ 35 கிலோ எடையும் கொண்டு நின்றது. அதே ஆண்டில், எரிக் எட்வர்ட்சன் என்பவர் வடிவமைத்த, பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே கொண்ட என்.ஏ.டி. 3020 என்ற எளிய பெட்டி, வாட்டைக் கொண்டு சங்கீதத்தை அளக்க முடியாது என்று நிரூபித்தது. நம் தேசத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வுகளையும், அதற்கு அடுத்த ஆண்டில் ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்களையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. வெளிநாட்டுப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி, 2என்3055 டிரான்ஸிஸ்டர் போட்ட 'அசெம்பிள் செட்' கட்டிக்கொண்டார்கள். பின்னர் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ.' வாட் என்று அட்டையில் அச்சடித்து விற்ற பெட்டிகளும் வந்தன. உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் யோக்கியதை தெரியும்.

இனி, கரகரக்கும் அந்தக் குமிழுக்குள் நுழைவோம். குமிழைக் கழற்றினால் ஒரு தண்டு; தண்டின் மறுமுனையில், லாடத்தின் வடிவில் வளைந்த ஒரு பட்டை. பட்டையின் மேல் கரிப்பூச்சு. அந்தக் கரியின்மேல், மயிர்போல் மெல்லிய உலோக விரல் ஒன்று வழுக்கிச் செல்லுகிறது. விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து, வருகிற சமிக்ஞையில் ஒரு பங்கு மேலே செல்லுகிறது, மற்றது தரையோடு போய்விடுகிறது. வால்யூம் கண்ட்ரோல் என்பது இவ்வளவுதான். ஸ்டீரியோவுக்கு இப்படி இரண்டு பட்டைகள் ஒரே தண்டில் அடுக்கப்பட்டிருக்கும். நம் செவி ஒலியைக் கூட்டல் கணக்கில் உணராமல் பெருக்கல் கணக்கில் உணருவதால், பட்டையிலுள்ள கரியும் ஒரே சீராக இல்லாமல், ஆரம்பத்தில் மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் ஏறும்படி பூசப்பட்டிருக்கும்; இதையே 'லாக்' வகை என்பார்கள். உண்மையான வளைவைப் பூசுவது கஷ்டமாகையால், மலிவான கண்ட்ரோல்களில் இரண்டு மூன்று நேர்கோடுகளை ஒட்டுப்போட்டு வளைவுபோல் காட்டிவிடுவது வழக்கம். குமிழ் மிகக் கீழே இருக்கும்போது பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சற்று ஏற்றியதும் நடுவுக்கு வருமானால், அது பழுதன்று. இரண்டு பட்டைகளும் முதலிலிருந்தே ஒத்துப்போகாத பிறவிக் குறை. அதற்காக மெக்கானிக்கைக் குறை சொல்லுவது நியாயமாகாது.

கரியும் உலோகமும் இடைவிடாமல் உரசிக்கொள்ளும் இடத்தில் தேய்மானம் தவிர்க்க முடியாதது. ஆயினும் அதிகமாகப் பயன்பட்ட குமிழைவிட அதிகமாகச் சும்மா இருந்த குமிழே முதலில் கெடுகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நாள்தோறும் திருப்பப்படும் வால்யூம் குமிழ் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளுகிறது. பத்தாண்டுகளாக நடுவிலேயே நின்ற பாலன்ஸ் குமிழும், ஒருவரும் தொடாத மோட் பொத்தானும் அழுக்கேறிப்போகின்றன. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் இதற்குத் துணை நிற்கின்றன. பொத்தான்களுக்குள்ளே இருக்கும் வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளும், பூஜையறைக் குத்துவிளக்கின் வெள்ளிக் கிண்ணம் கறுப்பதுபோலவே கந்தகம் பட்டுக் கறுத்துவிடுகின்றன. சமையலறை எண்ணெய்ப் புகையையும், சூடு தேடிக் குடியேறும் கரப்பான் பூச்சியையும் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? காற்றுத் துளைகளின் மேல் க்ரோஷே விரிப்பைப் போட்டு அதன்மேல் பொம்மை வைக்கும் நம் குடும்ப வழக்கத்தை மட்டும் ஒருமுறை கண்டித்துவிட்டு மேலே செல்லுகிறேன்.

பழுதை நீக்குவதைவிடப் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேதான் வித்தை இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கரகரப்பு எழுந்தால், அங்கே அழுக்கோ தேய்மானமோ உண்டென்று கொள்ளலாம். அப்படியில்லாமல், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக இரைந்து, சுத்தம் செய்தபின்னும் சில நாட்களில் திரும்பி வருமானால், குற்றவாளி பெரும்பாலும் குமிழ் அன்று. அதற்கு முன்னே நிற்கும் கண்டென்சர் முதுமையினால் கசிந்து, வரக்கூடாத டி.சி. மின்னழுத்தத்தைக் கரிப்பட்டையின் மேல் விடுகிறது. அந்த நிலையில் நூறு ரூபாய்க் குமிழை மாற்றினால் காசுதான் நஷ்டம். சில ரூபாய்க் கண்டென்சரை மாற்றினால் காரியம் முடிந்தது. இந்தப் பேதத்தை அறியாமல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கண்ட்ரோல்களை மாற்றிய ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும்.

ஒரு பக்கம் மௌனமாகிவிடுவதற்கும் இத்தகைய எளிய காரணங்கள் பல உண்டு. என் தமையனார் 1982இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரில் வலப்பக்கம் நின்றுபோனபோது, பெயர் பெற்ற ஒரு சர்வீஸ் நிலையத்தில் அதை ஒப்படைத்தேன். பதினெட்டு நாள் வைத்திருந்து, "போர்டு போய்விட்டது, இனிமேல் பிரயோஜனமில்லை, எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ரிச்சி தெருவின் ஒரு சந்தில், படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டிருந்த ஒரு வயோதிகர், மூடியைக்கூடத் திறக்காமல், "சார், இந்த டேப் மானிட்டர் பட்டனை இருபது தடவை அமுக்கி அமுக்கி விடுங்க" என்றார். பதினோராவது அமுக்கலில் வலப்பக்கம் பாடிவிட்டது. கேஸட் யந்திரம் வழக்கொழிந்தபின் இருபதாண்டுகளாக ஒருவரும் தொடாத அந்தப் பொத்தானின் வழியாகத்தான் சமிக்ஞை முழுவதும் போய்வந்துகொண்டிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். சர்வீஸ் நிலையத்தார் அறியவில்லை, அல்லது அறிய விரும்பவில்லை. பின்புறத்தில் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று எழுதிய துளைகளை இணைக்கும் U வடிவக் கம்பிகள் கறுத்துப்போவதும், ஸ்பீக்கரைக் காக்கும் ரிலேயின் தொடுமுனைகள் கருகிப்போவதும் இதே வகையைச் சேர்ந்தவை. ரிலேக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு: ஒலியைத் தாழ்த்தி வைத்தால் ஒரு பக்கம் மங்கும், ஒருமுறை உரக்க வைத்தால் தெளிந்துவிடும். இத்தகைய பரிசோதனைக்கெல்லாம் நான் கையாளுகிற தட்டு ஒரு தம்பூரா ஸ்ருதிப் பதிவே. ஏற்றமும் இறக்கமுமின்றி ஓடும் நாதத்தில் ஒரு பக்கத்தின் சிறு தடுமாற்றமும் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வதிலும் சாஸ்திரம் உண்டு. முன்பெல்லாம் நம் ரேடியோ மெக்கானிக்குகள் 'சி.டி.சி.' என்று சொல்லும் கார்பன் டெட்ராக்ளோரைடைத் துளித்துளியாக விடுவார்கள். அது அழுக்கைக் கரைத்தது உண்மைதான், கூடவே மெக்கானிக்கின் கல்லீரலையும் கெடுத்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டப்பட்டது. இன்று ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும், இதற்கென்றே செய்யப்பட்ட காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேக்களும் கிடைக்கின்றன. உலோகத் தொடுமுனைக்கு ஏற்ற திரவம் வேறு, கரிப்பட்டைக்கு ஏற்ற திரவம் வேறு. வெறும் கரைப்பான் தெளித்தால் அழுக்கோடு மசகும் போய்விடும், குமிழின் அந்தக் கனமான, வெண்ணெய்போன்ற அசைவு ஒழிந்து, சொரசொரவென்று சுழலத் தொடங்கும். துருப்பிடித்த கதவுக் கீலுக்குத் தெளிக்கும் எண்ணெயையும் பெட்ரோலையும் இதற்குப் பிரயோகிப்பவர்களைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. தெளிப்பதும் முகப்பின் முன்னாலிருந்து அன்று. மூடியைத் திறந்து, கண்ட்ரோலின் பின்புறத்திலுள்ள சிறு துளை வழியாக ஒரு சிறு பீச்சு விட்டு, குமிழை முழுவதும் முப்பது நாற்பது முறை திருப்பி, ஓர் இரவு உலரவிட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பத்தில் ஏழெட்டுப் பழுதுகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

தீராதவற்றுக்குக் கண்ட்ரோலையே மாற்ற வேண்டும். சிரமம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓம் கணக்கும் லாக் வகையும் பொருந்தினால் போதாது. தண்டின் நீளம், அதன் முனை வட்டமா அரைவட்டமா என்பது, போர்டில் கால்கள் நிற்கும் இடைவெளி ஆகிய எல்லாம் பொருந்த வேண்டும். லவுட்னெஸ் வசதிக்காகப் பட்டையின் நடுவில் நாலாவது கால் ஒன்று வைத்த பழைய கண்ட்ரோல்களுக்கு நிகரானது கடையில் கிடைப்பது அபூர்வம். வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாக ஒரே அச்சில் தனித்தனியே சுழலும் இரட்டைக் குமிழ்களின் கதையும் அதுவே. ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனியின் நீலநிறக் கண்ட்ரோல் நல்ல பெயர் பெற்றது. பெயர் பெற்றதனாலேயே அதன் போலிகளும் மலிந்துவிட்டன. இணையான பொருள் கிடைக்காதபோது, பழைய கண்ட்ரோலின் தகர உறையை வளைத்துத் திறந்து, உலோக விரலைத் தேய்ந்த தடத்திலிருந்து ஒரு மயிரிழை ஒதுக்கி, கரியில் புதுத் தடம் பிடிக்கும்படி செய்யும் ரேடியோக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நகைத் தொழிலாளியின் பொறுமை வேண்டும் அதற்கு. செலவைப் பொருட்படுத்தாதவர்கள், கரிப்பட்டையே இல்லாமல், இருபத்துநாலு படிகளில் தனித்தனி ரெஸிஸ்டர்களைக் கோத்த சுழல் ஸ்விட்சைப் பொருத்திக்கொள்ளலாம். கரகரப்பும் சாய்வும் அதில் இல்லை; ஆனால் வேண்டிய அளவு எப்போதும் இரண்டு படிகளுக்கு நடுவிலேயே இருக்கும்!

குமிழைப் பார்க்கத் திறந்த பெட்டியில் முதுமையின் மற்ற அடையாளங்களும் கண்ணில் படும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களின் ஆயுள், சூட்டுக்கு எதிர்விகிதத்தில் நடக்கிறது. 85 டிகிரியில் 2000 மணி என்று குறித்த கண்டென்சர், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் இரு மடங்கு ஆயுள் பெற்று, 45 டிகிரியில் சுமார் 32,000 மணி உழைக்கும் என்பது பொதுக் கணக்கு. நாளொன்றுக்கு மூன்று மணி பாடும் வீட்டில் அது ஏறக்குறைய 29 ஆண்டு. ஆகவே எண்பதுகளின் பெட்டிகளில் இவை இளைத்திருப்பது இயல்பு. அதற்காக உள்ளேயிருக்கும் கண்டென்சர்களையெல்லாம் ஒரே மூச்சில் பிடுங்கி மாற்றுவது என்று இப்போது பரவியிருக்கும் மோகத்தை நான் ஆதரிக்கவில்லை. நூறு இடத்தில் ஈயத்தை இளக்கி நூறு இடத்தில் மீண்டும் வைக்கும்போது, பழைய போர்டின் செப்புத் தடங்கள் உரிந்து, இல்லாத பழுது பல உண்டாகின்றன. அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுவதே முறை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, ப்ரீசெட் என்னும் குட்டிக் கண்ட்ரோல். வெளியே குமிழ் இல்லாததால் ஒருவரும் அதை நினைப்பதில்லை. அதன் தொடுமுனை அழுக்கேறி விடுபட்டால், சில சுற்றுக்களில் அவுட்புட் டிரான்ஸிஸ்டர்களுக்குள் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்ந்து, ஒரு க்ஷணத்தில் அவற்றைச் சுட்டுவிடும். வால்யூம் கரகரத்தால் காதுக்குத்தான் துன்பம்; ப்ரீசெட் கெட்டால் பெட்டிக்கே ஆபத்து.

வால்வுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். கை நடுங்காதவரையும் அது நடுங்கச் செய்யும், சமயத்தில் உயிரையும் வாங்கும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியை நேரே 230 வோல்ட்டில் மாட்டுவது டிரான்ஸிஸ்டர் யுகத்தாருக்கும் ஆகாது. நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்து, மெக்கானிக்குகள் சொல்லும் 'சீரிஸ் லாம்ப்' வழியாக முதலில் மின்சாரம் விட்டால், உள்ளே ஷார்ட் இருக்கும் பட்சத்தில் பல்பு பிரகாசமாக எரிந்து பெட்டியைக் காப்பாற்றும். பெட்டியின் முதுகிலுள்ள வோல்டேஜ் ஸ்விட்ச் 110இல் நிற்கிறதா, 240இல் நிற்கிறதா என்று பார்க்காமல் மாட்டி, முதல் நாளே டிரான்ஸ்ஃபார்மரைக் கொளுத்திய வரலாறுகள் ஊருக்கு ஊர் உண்டு.

மாற்றிவிடுவதே உசிதம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் நானும் பக்தர் கோஷ்டியில் சேர்ந்தவனாவேன். டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போய், அதே அளவில் சுற்றித் தர ஆள் இல்லையென்றால் செலவு மதிப்பை மிஞ்சிவிடும். ஜப்பானின் சான்யோ கம்பெனி செய்த எஸ்.டி.கே. வகை ஹைப்ரிட் ஐ.சி.களை நம்பியிருந்த பெட்டிகள் ஏராளம், அந்த ஐ.சி.களில் போலி மலிந்து, அசல் எது என்று கடைக்காரருக்கே தெரியாத நிலையில், மாற்றிய ஐ.சி. ஒரு வாரத்தில் வெடித்தால் யாரை நோவது? எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொண்ணூறுகளுக்குப் பின் வந்த பெட்டிகளில் குமிழ் என்பது குமிழே அன்று என்பது. முடிவில்லாமல் சுழலும் அந்தக் குமிழின் உள்ளே கரிப்பட்டை கிடையாது. சுழற்சியைத் துடிப்புகளாக்கி ஒரு மைக்ரோ பிராசஸருக்குச் சொல்லும் என்கோடர் மட்டுமே உண்டு. அதில் அழுக்கு சேர்ந்தால் கரகரப்பு எழாது. ஒலியைக் குறைக்கத் திருப்பினால் கூடும், கூட்டத் திருப்பினால் அசையாமல் நிற்கும். என்கோடரைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ முடியும். அந்த மைக்ரோ பிராசஸர் போய்விட்டால், அதற்குள் எழுதிய நிரலைக் கம்பெனியைத் தவிர வேறொருவரும் தர முடியாது. கம்பெனியோ அந்த மாடலை எப்போதோ மறந்திருக்கும். ஆகவே வயதில் மூத்த பெட்டி பிழைத்துக்கொள்ளும்போது இளையது இறந்துபோவது இத்துறையில் சாமானியம்.

புதிதாக வாங்குகிறவருக்குக் கிடைப்பது என்ன? 'கிளாஸ் டி' என்னும் முறையில் இயங்கும் இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள், உட்கொள்ளும் மின்சக்தியில் தொண்ணூறு சதவிகிதம் வரை ஒலிக்குத் தந்து, உள்ளங்கை அகலப் பெட்டியில் ஐம்பது வாட் அடக்கிக் காட்டுகின்றன. சிதைவின் அளவிலும் அவற்றுள் நல்லவை பழைய பெட்டிகளை வென்றுவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. செல்பேசியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் கம்பியின்றியும் கம்பியோடும் பாட்டை வாங்கிக்கொள்ளும் சௌகரியமும் பெரிது. ஆனால் இசைத்தட்டு வைத்திருப்பவர் இதில் ஏமாந்துவிடக் கூடாது. தட்டின் ஊசியிலிருந்து வரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட்டே; அதைப் பெருக்குவதோடு, 1954இல் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. விதிப்படி சமன் செய்யவும் 'போனோ' என்ற தனிச் சுற்று வேண்டும். டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்த எச்.எம்.வி. தட்டுக்கள் இரண்டு அலமாரி நிறைய உள்ள வீட்டில், போனோவும் பேஸ் டிரெபிளும் இல்லாத புதுப் பெட்டியை வைத்துவிட்டு, தனிப் போனோ பெட்டி ஒன்றுக்கு மறுபடியும் கடை தேடி அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1967 முதல் 1985 வரை செய்துவந்த 303 என்ற ஆம்ப்ளிஃபயரின் தோற்றத்தையே புதுப்பித்து 2024இல் குவாட் கம்பெனி மீண்டும் விற்பனைக்கு விட்டிருப்பது, பழைய முகத்துக்கு இன்றும் கிராக்கி உண்டென்பதற்குச் சாட்சி. அதன் விலைக்கு நம்மூரில் பழைய பெட்டிகள் பலவற்றைப் பழுது பார்த்துவிடலாம்.

அரசாங்கங்களும் இந்த விஷயத்தில் கண் விழித்திருக்கின்றன. இந்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிற்று. மின்னணுக் கழிவுபற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தன. ஐரோப்பிய யூனியன் 2024இல் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு கட்டளையே பிறப்பித்தது. ஆனால் அதன் பட்டியலில் சலவை யந்திரம் உண்டு, செல்பேசி உண்டு, ஆம்ப்ளிஃபயர் இல்லை. ஆக, நம் கூடத்துப் பெட்டியைச் சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான் சொல்லுவேன். குமிழ் பழுதானது ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்குக் காரணமே ஆகாது. அது கதவின் தாழ்ப்பாள் இறுகியதற்காக வீட்டை விற்பதை ஒக்கும். மாற்றுவதற்கு உரிய காரணங்கள் டிரான்ஸ்ஃபார்மர், அசல் கிடைக்காத ஐ.சி., நிரல் அழிந்த பிராசஸர் ஆகியவை. இவற்றுள் எதுவும் முன்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே திறந்து பார்த்து, பழுது இன்னது என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவரிடம் காட்டாமல், கரகரப்பைக் கேட்டே தீர்ப்புச் சொல்லுகிறவரிடம் பெட்டியை ஒப்படைக்க வேண்டாம். அத்தகைய ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் இன்று உதிரிப் பாகத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாகிவருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்; படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டிருந்த அந்த வயோதிகரின் இடத்தில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வால்வு ரேடியோக்களில், சுற்றின் வரைபடத்தைப் பெட்டியின் உட்புறத்திலேயே ஒட்டிக் கொடுப்பது பல கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களோடு வந்த மஞ்சளேறிய கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் சில வேளை அந்த வரைபடம் மடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். வீடு மாற்றும்போதும் போகிப் பண்டிகையன்றும் முதலில் தீக்கு இரையாவது அந்தக் காகிதமே. பெட்டியை நீங்கள் வைத்துக்கொண்டாலும் சரி, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் சரி, அதை ஓர் உறையில் இட்டு, பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் அல்லாமல், டிரான்ஸ்ஃபார்மரின் சூடு படாத அடிப்புறத்தில், வெளியே ஒட்டிவையுங்கள்.